முதல் பிரதி, முதல் காட்சி: வாசகர் கேள்வி–பதில்

புத்தகம், குறும்படம், இரண்டையும் ஆட்களிடம் கொண்டுசேர்க்கும் வேலை பற்றி வந்த கடிதங்களிலிருந்து பதினொன்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு விரிவாகப் பதில் எழுதியிருக்கிறோம்.

என் முதல் சிறுகதைத் தொகுப்பு வருகிறது. 144 பக்கம், 300 பிரதி, சொந்தச் செலவு. ஐந்து வாரத்தில் வெளியீட்டு விழா வைக்க மண்டபம் பார்த்திருக்கிறேன். அச்சுக்குப் போக மிஞ்சும் பணத்தை விழாவுக்குச் செலவிடலாமா, விளம்பரத்துக்கா?
– வாசகி, திருநெல்வேலி

மண்டபத்துக்கு இன்னும் முன்பணம் கட்டவில்லை என்றால் தேதியைத் தள்ளி வையுங்கள். ஐந்து வாரத்தில் புத்தகம் அச்சாகி வந்துவிடும். ஆனால் அதைப் படித்துவிட்டுப் பேச ஒருவர்கூட இருக்க மாட்டார். முந்தைய நாள் இரவு கைக்கு வந்த பிரதியோடு மேடை ஏறுபவரால் ஆசிரியரின் குணத்தைப் பற்றித்தான் பேச முடியும். கதைகளைப் பற்றிப் பேச்சே எழாத விழாவில் புத்தகம் விற்காது.

எழுத்து முடிந்த நாளிலிருந்து 12 வாரம் கணக்கு வையுங்கள். முதல் 4 வாரம் பிழைதிருத்தம், பக்க வடிவமைப்பு, அட்டை. வடிவமைத்த பிறகு ஒரு முறை தாளில் எடுத்துப் படித்தே ஆக வேண்டும். திரையில் தப்பிய ஒற்றுப்பிழை தாளில் கண்ணில் படும். அடுத்த 3 வாரம் அச்சும் பைண்டிங்கும். மிச்சமுள்ள 5 வாரமும் பிரதிகள் படிப்பவர்கள் கையில் இருக்க வேண்டிய காலம்.

144 பக்கம் நல்ல கணக்கு. 16 பக்கம் ஒரு பாரம் (ஒரே தாளில் அச்சடித்து மடிக்கும் பகுதி) என்றால் சரியாக 9 பாரம். திருத்தத்தில் வரிகள் கூடி 146 ஆகிவிட்டால் அச்சகம் அடுத்த பாரத்துக்குப் போகும். வெற்றுப் பக்கங்களுக்கும் நீங்கள்தான் தாள் காசு கொடுப்பீர்கள். அதைவிட முன்னுரையில் ஒரு பத்தியை வெட்டுவது மலிவு. அட்டையின் முதுகு அளவைத் தாள் முடிவான பிறகுதான் போட வேண்டும். 144 பக்கம் என்பது 72 தாள். 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) தாள் ஒன்றின் கனம் சுமார் 0.1 மி.மீ. என்று வைத்தால் முதுகு 7 மி.மீ. வரும். தாளை மாற்றினால் இதுவும் மாறும். 2 மி.மீ. பிசகினாலே முதுகில் இருக்க வேண்டிய தலைப்பு முன்னட்டைக்கு வழிந்துவிடும். கடை அலமாரியில் உங்கள் புத்தகம் காட்டுவது முதுகை மட்டும்தான்.

300 பிரதியில் 30 பிரதியை விற்பனைக் கணக்கில் சேர்க்காமல் முதலிலேயே ஒதுக்குங்கள். மதிப்புரைக்கு இரண்டு பிரதி கேட்கும் இதழ்கள் இருக்கின்றன. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா நூலகம், மும்பை, டெல்லி நூலகங்கள் என நான்கு இடங்களுக்கு வெளியான 30 நாளுக்குள் ஒவ்வொரு பிரதி போக வேண்டும். மிச்சத்தைப் படித்துவிட்டுப் பத்துப் பேரிடம் சொல்லக்கூடியவர்களுக்குக் கொடுங்கள்: ஊர் நூலகர், தமிழ்த்துறை ஆசிரியர், வாசகர் வட்டம் நடத்துபவர்.

விலை வைக்கும்போது கடைக் கழிவை மறந்துவிடாதீர்கள். 30 முதல் 40 சதவீதம் வரை கேட்பார்கள். 200 ரூபாய்ப் புத்தகம் 40 சதவீதக் கழிவில் போனால் உங்கள் கைக்கு 120 ரூபாய். அச்சுச் செலவு பிரதிக்கு 90 ஆகியிருந்தால் மிஞ்சும் 30 ரூபாய்க்குள் தபாலும் இலவசப் பிரதிகளும் அடங்க வேண்டும்.

இனி உங்கள் கேள்விக்கு. பணம் முதலில் பிழை திருத்துபவருக்கு, அடுத்து அட்டை வடிவமைப்பாளருக்கு, அப்புறம் கூரியருக்கு. விழாவுக்கு நூலக அரங்கோ புத்தகக் கடை மாடியோ 40 நாற்காலியோடு போதும். அழைப்பிதழை வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்டில் போட்டால் ஒரு பட்டியலுக்கு 256 பேர்தான். அதிலும் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். முக்கியமான 50 பேரைப் போனில் கூப்பிடுங்கள். இன்னொன்று: பொங்கலை ஒட்டி நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சிக்காக டிசம்பரில் எல்லா அச்சகங்களும் திணறும். முதல் தொகுப்பை அந்த நெரிசலில் தள்ள வேண்டாம். ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவை ஒட்டிக் கொண்டுவந்தால் அச்சகமும் நிதானமாக வேலை செய்யும், மதிப்புரைப் பக்கத்திலும் இடம் கிடைக்கும்.

குறும்படப் போஸ்டரை நண்பர் வடிவமைத்தார். அவர் கணினியில் தமிழ் எழுத்துகள் சிதறுகின்றன, கொம்பு வேறு எழுத்தோடு ஒட்டுகிறது. ஃபாண்ட் கோளாறா?
– வாசகர், கும்பகோணம்

ஃபாண்ட் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். மென்பொருள் தமிழை ஆங்கிலம்போல ஒவ்வோர் எழுத்தாக வரிசையில் அடுக்குவதுதான் கோளாறு. யூனிகோடில் 'தெ' என்பதை முதலில் 'த', பிறகு கொம்பு என்றே சேமிக்கிறோம். கொம்பை இடப்பக்கம் கொண்டுபோய் வைப்பது மென்பொருளின் வேலை. அது நடக்காதபோது 'தெரு'வில் கொம்பு 'த'வைத் தாண்டி 'ரு'வுக்கு முன்னால் போய் நிற்கும். புள்ளி எழுத்தின் தலையில் உட்காராமல் பக்கத்தில் தொங்கும். 'டு', 'மு' சேராமல் பிரிந்து கிடக்கும்.

இன்டிசைனில் பாராகிராஃப் மெனுவில் 'வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் பிரிஃபரன்சஸ், டைப் போய் 'ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்' என்பதை முதலில் இயக்க வேண்டும். போட்டோஷாப்பில் அதே டைப் பகுதியில் 'வேர்ல்டு-ரெடி' அமைப்பு இருக்கும். பழைய பதிப்புகளில் அதற்கு 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்' என்று பெயர். மாற்றிய பிறகு மென்பொருளை மூடித் திறந்து, புதிய எழுத்துப் பெட்டியில் தட்டிப் பாருங்கள். பழைய பெட்டி பழைய அமைப்பையே பிடித்துக்கொண்டிருக்கும்.

இதைச் சரிசெய்த பிறகும் போஸ்டர்களில் வாடிக்கையாக நடக்கும் ஒரு தவறு உண்டு. தலைப்பு அகலமாகத் தெரிய எழுத்துகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டுவார்கள். ஆங்கிலத்தில் அது அழகாக இருக்கும். தமிழில் துணைக்கால் தன் எழுத்தைவிட்டு விலகி 'ர' ஆகிவிடும். 'பாடல்' தூரத்தில் 'பரடல்' என்று படிக்கும். எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்கினால் 'ன'வும் 'ண'வும் ஒன்றாகிவிடும். தலைப்பைப் பெரிதாக்க வேண்டுமென்றால் எழுத்தின் அளவைக் கூட்டுங்கள், இடைவெளியைக் கூட்டாதீர்கள்.

அச்சகத்துக்குக் கொடுக்கும்போது எழுத்துகளை அவுட்லைன் (ஃபாண்ட் இல்லாமலே தெரியும் வடிவம்) ஆக்கிய பிரதி ஒன்று, ஆக்காத பிரதி ஒன்று. சுற்றிலும் 3 மி.மீ. வெட்டு விளிம்பு. நிறம் சிஎம்ஒய்கே, அதாவது அச்சு மைகளின் நான்கு நிற முறை. திரையில் பளீரென்று தெரியும் பச்சையும் நீலமும் திரையின் நிற முறையான ஆர்ஜிபியிலிருந்து மாறும்போது மங்கும். அந்த மங்கலை அச்சுக்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது. உரிமக் கவலையில்லாத ஃபாண்ட் வேண்டுமென்றால் மீரா இனிமை, முக்தா மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

ஐஎஸ்பிஎன் எண் வாங்கித் தர ஒரு இணையதளம் 3,000 ரூபாய் கேட்கிறது. கொடுக்கலாமா?
– வாசகர், சேலம்

வேண்டாம். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் இந்தியாவில் இலவசம். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். காகித அட்டை, கெட்டி அட்டை, மின்னூல் ஒவ்வொன்றுக்கும் தனி எண் வேண்டும். அட்டை அச்சுக்குப் போவதற்குப் பல வாரங்கள் முன்பே விண்ணப்பியுங்கள். எண் தாமதமானால் பின்னட்டையில் பார்கோடுக்கு ஒதுக்கிய இடம் காலியாகவே அச்சாகிவிடும்.

22 நிமிடக் குறும்படம் முடித்துவிட்டோம். விழாக்களும் இதழ்களும் 'ஸ்டில்' கேட்கின்றன. படப்பிடிப்பில் போட்டோவே எடுக்கவில்லை. வீடியோவிலிருந்து எடுத்துக் கொடுத்தால் மங்கலாக இருக்கிறது என்கிறார்கள்.
– வாசகர், மதுரை

அவர்கள் சொல்வது சரி. காரணம் இரண்டு. நொடிக்கு 24 ஃபிரேமில் ஷட்டர் வழக்கமாக 1/48 அல்லது 1/50 நொடி திறந்திருக்கும். ஆள் கையை அசைத்தாலே அந்த ஃபிரேமில் விரல்கள் இழுபட்டிருக்கும். ஓடும் படத்தில் அந்த இழுபடல்தான் அசைவை இயல்பாகக் காட்டுகிறது; நிறுத்திப் பார்த்தால் மங்கல். இரண்டாவது அளவு. எச்டி ஃபிரேம் 1920 புள்ளி அகலம். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்றால் 6.4 அங்குலத்துக்குமேல் தாங்காது. ஃபோர்கே என்றால் 12.8 அங்குலம் வரை போகலாம்.

இப்போது செய்யக்கூடியது: யூடியூப்புக்கு ஏற்றிய கோப்பிலிருந்து எடுக்காதீர்கள், அது ஏற்கெனவே சுருக்கப்பட்டது. எடிட்டிங் மென்பொருளில் மூலக் கோப்பைத் திறந்து, நிறம் திருத்திய நிலையில், சுருக்கப்படாத டிஃப் வடிவில் எடுங்கள். கதாபாத்திரம் பேசி முடித்து அமைதியாகும் கணம், திரும்பிப் பார்த்து நின்ற கணம், கண் சிமிட்டாத கணம், இப்படி அசைவு அடங்கிய ஃபிரேமாகத் தேடுங்கள். 22 நிமிடத்தில் நல்லதாகப் பத்தாவது தேறும். இன்னும் முடியுமென்றால் நடிகர்களை அதே உடையில், அதே இடத்துக்கு ஒரு சாயங்காலம் அழைத்துப் புகைப்படக் கேமராவால் எடுங்கள். அதில் தவறு ஏதுமில்லை.

அடுத்த படத்துக்கு, ஒவ்வொரு காட்சியும் ஓகே ஆனதும் விளக்கை அணைக்காமல் ஒரு நிமிடம் ஸ்டில்லுக்கு ஒதுக்குங்கள். கைப்பேசியின் 12 மெகாபிக்சல் போட்டோகூட 4000க்கு 3000 புள்ளி. அச்சில் 13 அங்குலம் வரை தாங்கும். முதன்மைப் பாத்திரம் தனியாக, இருவர் எதிரெதிராக, இடம் முழுதும் தெரிய ஒன்று, இயக்குநர் வேலை செய்கையில் ஒன்று, நெடுக்குவாட்டில் ஒன்று, தலைப்பு வைக்க வானமோ சுவரோ காலியாக இருக்கும் ஒன்று. இந்த ஆறு இருந்தால் எந்த இதழ் கேட்டாலும் கொடுக்கலாம்.

நிகழ்ச்சிச் செய்தியைப் பத்திரிகைகளுக்கு அனுப்பினோம், ஒன்றிலும் வரவில்லை. பி.ஆர்.ஓ. இல்லாமல் முடியாதா?
– நாடகக் குழு, புதுச்சேரி

முடியும். தமிழ் சினிமாவில் பி.ஆர்.ஓ. (மக்கள் தொடர்பாளர்) என்ற வேலை 1958-இல் 'நாடோடி மன்னன்' படத்துக்கு ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் செய்ததிலிருந்து தொடங்குகிறது என்பார்கள். செய்தியாளருக்குத் தேவையான படமும் தகவலும் தேடாமல் கையில் கிடைக்கும்படி செய்வது அந்த வேலையின் அடிப்படை. அதை நீங்களே செய்யலாம்.

நீங்கள் இணைத்து அனுப்பிய அறிக்கையைப் பார்த்தோம். நான்கு பக்க பிடிஎஃப். முதல் பக்கம் முழுதும் குழுவின் வரலாறு. தேதி மூன்றாம் பக்கத்தில். துணை ஆசிரியர் அதுவரை வர மாட்டார். முதல் வாக்கியத்திலேயே என்ன நாடகம், எந்த நாள், எத்தனை மணி, எந்த அரங்கு, அனுமதி இலவசமா என்பது வந்துவிட வேண்டும். மொத்தம் 150 முதல் 200 சொல். பக்கத்தில் இடம் குறைந்தால் கடைசியிலிருந்துதான் வெட்டுவார்கள், அதனால் குழு வரலாறு கடைசியில் இருக்கட்டும்.

பிடிஎஃப் மட்டும் அனுப்பினால் யாராவது திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டும், செய்ய மாட்டார்கள். மின்னஞ்சலின் உடலிலேயே யூனிகோடில் ஒட்டுங்கள். பாமினி, வானவில் போன்ற பழைய குறியாக்கத்தில் அடித்ததை அப்படியே ஒட்டினால் அந்தப் பக்கம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். மாற்றிவிட்டு, 'ஸ்ரீ', 'ஔ', எண்கள், மேற்கோள் குறிகள் சரியாக மாறியிருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள்.

படம் இரண்டு, ஒன்று கிடைமட்டம், ஒன்று நெடுக்கு. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். கோப்பின் பெயரிலேயே நாடகத்தின் பெயர் இருக்கட்டும். இடமிருந்து வலமாக யார் யார் என்ற குறிப்பு இல்லாத குழுப் படத்தைப் போட ஆசிரியர்கள் தயங்குவார்கள், பெயர் மாறிவிட்டால் திருத்தம் போட வேண்டியது அவர்கள். 'இன்றைய நிகழ்ச்சி' பகுதிக்கு மூன்று நாள் முன்னதாக, வார இணைப்புக்கு இரண்டு வாரம் முன்னதாக, மாத இதழுக்கு ஒன்றரை மாதம் முன்னதாக. அனுப்பிய மறுநாள் காலையில் ஒரு போன். மாலை ஐந்து மணிக்குமேல் கூப்பிடாதீர்கள், அது பக்கம் முடிக்கும் நேரம்.

எங்கள் படத்தில் டீக்கடைக் காட்சியில் பின்னணியில் ஒரு சினிமாப் பாட்டு 12 நொடி ஒலிக்கிறது. யூடியூப்பில் 'கிளெய்ம்' வந்துவிட்டது. பத்து நொடிக்குள் இருந்தால் பரவாயில்லை என்கிறார்களே?
– வாசகர், கோவை

அப்படி ஒரு பத்து நொடி விதி சட்டத்தில் எங்கும் கிடையாது. விமர்சனம், மதிப்புரை போன்ற சிலவற்றுக்கு நியாயமான பயன்பாடு என்ற விலக்கு உண்டு. டீக்கடைக்குச் சூழல் சேர்ப்பது அதில் வராது.

கிளெய்ம் வேறு, ஸ்டிரைக் வேறு. கிளெய்ம் வந்தால் விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகும், அல்லது சில நாடுகளில் படம் தெரியாமல் போகலாம், சேனலுக்கு ஆபத்தில்லை. ஸ்டிரைக் என்றால் படம் நீக்கப்படும். 90 நாளுக்குள் மூன்று வந்தால் சேனலே போய்விடும். உரிமை இல்லாதபோது கிளெய்மை எதிர்த்து வாதாடினால் அது ஸ்டிரைக்காக மாறக்கூடும். ஆகவே வாதாட வேண்டாம், பாட்டை எடுத்துவிடுங்கள்.

இங்கேதான் உங்கள் சிக்கல் இருக்கும் என்று நினைக்கிறோம். படப்பிடிப்பின்போதே கடையில் ரேடியோ ஓடியிருந்தால் பாட்டு வசனத்தோடு ஒரே டிராக்கில் கலந்திருக்கும். வசனத்தை டப்பிங் செய்வதைத் தவிர நல்ல வழி இல்லை. அடுத்த முறை ரேடியோவை அணைத்துவிட்டு எடுங்கள். பாட்டைப் பின்னால் சேர்க்கலாம். வசனம், சூழல் ஒலி, இசை மூன்றையும் தனித்தனியாகவே ஏற்றுமதி செய்து வையுங்கள்.

பாத்திரமே பாட்டை முணுமுணுத்தால்? ஒலிப்பதிவின் உரிமை அங்கே எழாது, ஆனால் மெட்டுக்கும் வரிகளுக்கும் உரிமையாளர் உண்டு. சொந்தமாக இசையமைக்கச் சொன்னால் எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள்: படம், ட்ரெய்லர், விழா, யூடியூப் எல்லாவற்றுக்கும் அனுமதி என்று. இசையமைப்பாளர் அதே இசையை விநியோக நிறுவனம் வழியாக, யூடியூப் பாட்டுகளை அடையாளம் காணும் கன்டென்ட் ஐடியில் பதிந்துவிட்டால் உங்கள் படத்துக்கே கிளெய்ம் வரும். உங்கள் சேனலுக்கு விலக்குக் கொடுக்க வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

புதுமைப்பித்தன் கதை ஒன்றைக் குறும்படமாக்க யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?
– கல்லூரி மாணவி, திருச்சி

யாரிடமும் வேண்டாம். அவர் மறைந்தது 1948-இல். ஆசிரியர் மறைந்த ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டு பதிப்புரிமை. அது 2008-உடன் முடிந்தது. அதற்கு முன்பே தமிழக அரசு அவர் எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கிவிட்டது. ஆனால் நீங்கள் வைத்திருக்கும் செம்பதிப்பின் முன்னுரை, அடிக்குறிப்பு, பின்னிணைப்பு அந்தப் பதிப்பாசிரியருடையவை. ஆங்கில சப்டைட்டிலுக்கு ஏற்கெனவே வெளியான மொழிபெயர்ப்பை எடுத்துப் போடக் கூடாது, அது மொழிபெயர்த்தவரின் உரிமை.

இதே கேள்வியைக் கல்கி பற்றிக் கேட்டவர்களுக்கும்: அவர் 1954-இல் மறைந்தார், எழுத்து இப்போது பொதுச் சொத்து. அவருடைய தொடர்கதைகளுக்கு மணியம் வரைந்த ஓவியங்கள் அப்படியல்ல. ஓவியர் மறைந்தது 1968-இல் என்பதால் உரிமை 2028 முடிய இருக்கிறது. ஒலிப்புத்தகம் போடுபவர்கள் முகப்புக்கு அந்த ஓவியத்தை எடுத்துப் போட்டு மாட்டிக்கொள்கிறார்கள்.

சிறிய திரையரங்கு ஒன்றில் எங்கள் படத்தை டிக்கெட் போட்டுத் திரையிட விரும்புகிறோம். பென்டிரைவில் கொண்டுபோனால் போதுமா?
– வாசகர்கள், நாகர்கோவில்

போதாது, முதலில் சான்றிதழ். பொதுமக்களுக்குத் திரையிடும் படத்துக்கு 1952 சட்டப்படி தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். நீளம் எதுவானாலும் இதுதான். விண்ணப்பம் இணையவழியில், சென்னையில் மண்டல அலுவலகம் உண்டு. 2024 முதல், பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்கச் சொல்லும் யு/ஏ பிரிவு மூன்றாகப் பிரிந்திருக்கிறது: 7+, 13+, 16+. திரையரங்கில் போடும் ட்ரெய்லருக்கும் தனிச் சான்றிதழ் வேண்டும். படத்தில் ஆடோ மாடோ நடித்திருந்தால் விலங்கு நல வாரியத்தின் சான்று கேட்பார்கள். புகைக்கும் காட்சி இருந்தால் திரையில் எச்சரிக்கை வரியும், தொடக்கத்திலும் நடுவிலும் எச்சரிக்கைப் படமும் வேண்டும்.

அடுத்து டிசிபி. திரையரங்கின் சர்வர் படிக்கும் வடிவம் அது. டிசிபி-ஓ-மேட்டிக் என்ற இலவச மென்பொருளில் நீங்களே செய்யலாம். சாதாரண 16:9 படம் 'ஃபிளாட்' வகையில் 1998க்கு 1080 புள்ளி ஃபிரேமுக்குள் இரு பக்கமும் மெல்லிய கறுப்போடு உட்காரும். கைப்பேசியில் எடுத்த காட்சிகள் இருந்தால் கவனம்: கைப்பேசி நொடிக்கு இத்தனை ஃபிரேம் என்று சீராகப் பதிவதில்லை. போகப்போக உதட்டசைவும் பேச்சும் விலகும். எடிட்டிங்குக்கு முன்பே ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் சீரான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றியிருக்க வேண்டும்.

ஒலிதான் அதிகம் ஏமாற்றும். ஸ்டீரியோவை அப்படியே கொடுத்தால் வசனம் இடது வலது ஸ்பீக்கர்களிலிருந்து மட்டும் வரும். ஓரத்தில் உட்கார்ந்தவருக்கு நடிகர் சுவருக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கும். வசனத்தை நடு சேனலில் வைத்து 5.1 ஆகக் கலக்கச் சொல்லுங்கள். திரையிடும் நாள் காலையில் படத்தின் மிக மெல்லிய வசனம், மிக உரத்த சத்தம், மிக இருட்டான காட்சி இந்த மூன்றையும் ஓட்டிப் பாருங்கள். அரங்கின் ஒலிக்கருவியில் ஒலி அளவு 7 என்பது கலவைக்கூடத்தின் அளவு. பல அரங்குகளில் 5-க்குக் கீழே வைத்திருப்பார்கள். உங்கள் படத்துக்கு எது சரி என்று பார்த்து அந்த எண்ணை ஆபரேட்டர் அண்ணனிடம் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

விமர்சனச் சேனல் ஒன்று 'நல்லபடியாகச் சொல்ல' பணம் கேட்கிறது. இதுதான் நடைமுறையா?
– வாசகர், சென்னை

கேட்பவர்கள் இருக்கிறார்கள் என்பதால் அது நடைமுறை ஆகிவிடாது. பணமோ பொருளோ வாங்கிக்கொண்டு பேசினால் அதைப் பார்ப்பவருக்குத் தெரியும்படி அறிவிக்க வேண்டும். விளம்பரத் தர அமைப்பான ஆஸ்கியின் விதி 2021-இலிருந்து இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஏமாற்றும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போகலாம். பணம் கொடுத்தவர் என்ற முறையில் உங்கள் பெயரும் அதில் வரும். பணம் கொடுப்பதென்றால் 'விளம்பரம்' என்று போட்டு ட்ரெய்லரை ஓட்டச் சொல்லுங்கள், அது நேர்மை. அந்தப் பணத்தில் பத்து விமர்சகர்களை ஒரு முன்னோட்டக் காட்சிக்கு அழைத்து டீயும் கொடுக்கலாம். அவர்கள் குறை சொன்னாலும் உங்கள் படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள்.

தயாரிப்பாளர் ஒருவர் என் சிறுகதையைப் படமாக்கக் கேட்கிறார். 'சகல உரிமைகளும், சகல மொழிகளிலும், நிரந்தரமாக' என்று ஒரு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். கையெழுத்துப் போடலாமா?
– எழுத்தாளர், தஞ்சாவூர்

இந்த வடிவில் போடாதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம். இந்தக் கடிதம் இன்னொருவர் கைக்கு மாறும்போது நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள்.

பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு உங்களுக்குத் துணை. உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும்; எந்தப் படைப்பு, எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்தப் பரப்பு, என்ன தொகை என்பது சொல்லப்பட வேண்டும். காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு, பரப்பு எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் உரிமை திரும்பிவிடும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய. 'நிரந்தரமாக' என்ற ஒரு சொல் இந்தப் பாதுகாப்புகளைத் தட்டிவிடப் பார்க்கும்.

நீங்கள் கேட்க வேண்டியது: ஒரு திரைப்படம், ஒரு மொழி. மொழிமாற்றமும் மறுஆக்கமும் வெப் தொடரும் தனித்தனியாகப் பேசப்படும். முன்பணம் கொடுத்து 18 மாதம் கதையை அவருக்காக ஒதுக்கலாம். அதற்குள் படப்பிடிப்பு தொடங்காவிட்டால் கதை உங்களிடம் வரும், முன்பணம் திரும்பாது. மீதித் தொகை படப்பிடிப்பின் முதல் நாளுக்கு முன். வெளியீட்டன்று என்று ஒப்புக்கொண்டால், வெளியாகாமல் பெட்டிக்குள் கிடக்கும் படத்துக்கு உங்களுக்கு எதுவும் கிடைக்காது. புத்தகம், ஒலிப்புத்தகம், நாடகம் மூன்றும் உங்களிடமே இருக்கட்டும்.

பெயர் வரும் இடத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்: டைட்டிலில் தனி அட்டை, போஸ்டரில் இயக்குநர் பெயர் வரும் வரிசையில். படம் வெளியாகும் வாரம்தான் உங்கள் தொகுப்பு விற்கும் வாரம். பட ஸ்டில்லை அட்டையில் போட்டு மறுபதிப்பு கொண்டுவர அனுமதி, நடிகர் முகத்தோடு சேர்த்து, இதே ஒப்பந்தத்தில் இருந்தால்தான் அப்போது கைகொடுக்கும். பிறகு கேட்டால் பதில் வருவதற்குள் படம் தியேட்டரை விட்டுப் போயிருக்கும்.

கையெழுத்துக்கு முன் கதை பிரசுரமான இதழின் பக்கத்தைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். பதிப்புரிமை அலுவலகத்தில் இலக்கியப் படைப்பைப் பதிய 500 ரூபாய்தான். திரைக்கதையாக எழுதியிருந்தால் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கத்திலும் பதியலாம். ஆனால் கருவுக்கு உரிமை கிடையாது, அதை எழுதிய விதத்துக்குத்தான் உண்டு, ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் கதை விவாதத்தில் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். நான்கு பக்கமாவது எழுதி, மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுப் பேசப் போங்கள்.

என் நாவலுக்கு யூடியூப் நேர்காணல். கதையைச் சொல்லிவிடாமல் 30 நிமிடம் என்ன பேசுவது?
– வாசகி, ஓசூர்

நாவல் நடக்கும் உலகத்தைப் பேசுங்கள். கிரானைட் வெட்டுபவர்கள் பற்றிய நாவல் என்று எழுதியிருக்கிறீர்கள். கல்லில் முதல் துளை எங்கே போடுவார்கள், தூசி நெஞ்சில் என்ன செய்யும், கூலியை எப்படிக் கணக்கிடுவார்கள் என்பதைச் சொன்னாலே கேட்பவர் நாவலைத் தேடுவார். கதையில் முதல் இரண்டு அத்தியாயம் வரை சொல்லலாம், அதற்குமேல் வேண்டாம்.

வாசித்துக் காட்ட ஒரு பக்கத்தைத் தேர்ந்து வீட்டில் மூன்று முறை உரக்கப் படியுங்கள். அச்சில் ஒரு பக்கம் சத்தமாகப் படிக்க இரண்டு நிமிடம் ஆகும். அதற்குமேல் நேயர் நகர்ந்துவிடுவார். உரையாடல் அதிகமுள்ள பக்கம் வேண்டாம், யார் பேசுகிறார்கள் என்று காதுக்குப் புரியாது.

பட்டுப்புடவை, கழுத்துச் சங்கிலி இரண்டும் காலர் மைக்கில் உரசும், பருத்தி நல்லது. அட்டைக்குப் பளபளப்பு லேமினேஷன் என்றால் கேமராவுக்கு நேராகப் பிடிக்காமல் மேல் விளிம்பைச் சற்று முன்னால் சாயுங்கள், விளக்கின் வெளிச்சம் தலைப்பை மறைக்காது. தலைப்பு, விலை, எங்கே கிடைக்கும், எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்பதை எழுதிக் கொடுத்து, வீடியோவுக்குக் கீழே வரும் விவரத்தில் முதல் வரியாகப் போடச் சொல்லுங்கள். மூன்றாவது வரிக்குப் போனால் 'மேலும்' என்பதை அழுத்தினால்தான் தெரியும்.